ராஜா "கொடுத்தார்" என்று எழுதுவதா, "கொடுக்கச் சொன்னார்" என்று எழுதுவதா? மூன்றாம் ஹென்றி காலத்து ஏட்டு வரிகள் பற்றி ஒரு சந்தேகம்

வசனக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். லண்டன் டவரில் வளர்ந்த விலங்குகளைப் பற்றிய ஒரு சின்ன ஆவணப்படத்துக்குத் தமிழ் வசனம் எழுதிக்கொண்டிருக்கிறேன். 13ஆம் நூற்றாண்டு, இங்கிலாந்தின் மூன்றாம் ஹென்றி காலம். நார்வே ராஜா ஹோகோன் அனுப்பிய வெள்ளைக் கரடி, பிரான்ஸ் ராஜா ஒன்பதாம் லூயி அனுப்பிய யானை என்று கதை நன்றாகத்தான் போகிறது. நடுநடுவே அந்தக் காலத்து அரசுச் சுருள்களிலிருந்து வரிகளைத் திரையில் காட்டுகிறார்கள். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

ஒரு காட்டதிகாரிக்கு எழுதிய வரி ஏறக்குறைய இப்படி வருகிறது: "இன்ன துறவிகள், ராஜாவின் அன்பளிப்பாக, ஆறு ஓக் மரங்களை அடையும்படி செய்க." நான் இதைச் சுருக்கி "ராஜா துறவிகளுக்கு ஆறு ஓக் மரங்களைப் பரிசளித்தார்" என்று போட்டேன். சரிபார்த்தவர் சிவப்பில் சுழித்து "உத்தரவு எங்கே போச்சு?" என்று கேட்டிருக்கிறார். கொடுப்பது ராஜா, கொடுத்தால் கொடுத்ததுதானே? அதை எதற்கு ஓர் அதிகாரியை அதட்டுகிற மாதிரி எழுதவேண்டும்?

இன்னொன்று. கரடிக்கும் அதைப் பார்த்துக்கொள்பவனுக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 4 பென்ஸ் கொடுக்கும்படி லண்டனின் ஷெரிஃப்களுக்கு 1252இல் உத்தரவு போகிறது. "வந்த பரிசு ராஜாவுக்கு, செலவு ஊரார் தலையில்" என்று வசனம் எழுதி வைத்திருக்கிறேன். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது உண்மைதானா?

பழைய கருவூலம் எழுதியது:

அம்மா, சிவப்பில் சுழித்தவர் விவரம் தெரிந்தவர். அவர் சொன்னபடி செய்யுங்கள்.

நான் சரித்திரம் படித்தவன் இல்லை. சார்நிலைக் கருவூலத்தில் 31 வருடம் பட்டியல் தணிக்கை செய்தவன். ஓய்வு பெற்ற பிறகு இந்த இங்கிலாந்துச் சுருள்களைப் படிக்க ஆரம்பித்தேன், விட முடியவில்லை. காரணம், இவை எனக்குப் பழக்கமான காகிதங்கள். இங்கே தோல், அவ்வளவுதான்.

முதலில் ஒரு சொந்தக் கதை. ஒரு வருடம் சிறந்த பணிக்காக எனக்கு 1000 ரூபாய் ரொக்கப் பரிசு என்று உத்தரவு வந்தது. மேடையில் கைதட்டி, சால்வை போட்டு, உத்தரவைக் கையில் கொடுத்தார்கள். பணம் வர பதினான்கு மாதம் ஆயிற்று. அந்தத் தலைப்பில் ஒதுக்கீடு இல்லையாம். அதுவரைக்கும் வீட்டில் "பரிசு வாங்கினீர்களே, எங்கே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இப்போது சொல்லுங்கள், அந்தப் பதினான்கு மாதமும் எனக்குப் பரிசு கொடுத்தாயிற்றா, இல்லையா?

ஹென்றியின் ஓக் மரமும் அதே கதைதான். ராஜா வாயால் "ஆறு மரம் கொடு" என்கிறார். மரம் இருப்பது எங்கோ ஒரு காட்டில். அந்தக் காட்டுக்குப் பொறுப்பாளி ஒருவர் இருக்கிறார். மரம் குறைந்தால் அவர்தான் பதில் சொல்லவேண்டும். ஆகவே கடிதம் துறவிக்குப் போவதில்லை, அவருக்குத்தான் போகிறது. லத்தீனில் "ஹபேரே ஃபாசியாத்" என்று வரும். "அவர் வசம் இருக்கும்படி செய்யவேண்டும்" என்று பொருள். "தே தோனோ ரெகிஸ்", அதாவது ராஜாவின் கொடையிலிருந்து, என்பது பக்கத்தில் ஒரு சின்னத் தொடர். வினைச்சொல் அதிகாரிக்கு, பெயர்ச்சொல் ராஜாவுக்கு. உங்கள் வசனத்தில் அந்த வினைச்சொல்தான் காணாமல் போயிருக்கிறது.

அந்தக் கடிதம் காட்டதிகாரிக்கு ஒரு வவுச்சர். நாளைக்கு விசாரிக்க வந்தால் "மரம் எங்கே?" என்பார்கள். "இதோ உத்தரவு" என்று எடுத்து நீட்டுவார். இல்லாவிட்டால் திருடியது அவர்தான். எல்லா உத்தரவும் ஒரே மாதிரி இருக்காது. காட்டுக்கு அதிகச் சேதம் வராத இடமாகப் பார்த்து வெட்டு என்று சிலவற்றில் எழுதியிருக்கும். கிளையும் பட்டையும் சேர்த்துத் தரவேண்டும் என்றும் சிலவற்றில் வரும். பட்டைக்குத் தோல் பதனிடுபவர்களிடம் நல்ல விலை. காய்ந்த மரம் என்றால் அடுப்புக்கு, அதற்கு வேறு சொல். வெட்டி, வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது பெரும்பாலும் வாங்குபவர் பாடு. பல மைல் தள்ளி இருக்கிற காட்டில் ஆறு ஓக் என்றால் கூலியையும் வண்டி வாடகையையும் நினைத்துப் பாருங்கள். இலவசம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அப்புறம், நீங்கள் பார்ப்பது அனுப்பிய கடிதம் அல்ல. இது முக்கியம். அனுப்பியவை பெரும்பாலும் அழிந்துபோயின. இருப்பது நாங்கள் "அலுவலக நகல்" என்போமே, அது. சான்சரி, அதாவது ராஜாவின் கடிதங்களை எழுதும் அலுவலகம், அதன் எழுத்தர்கள் வெளியே போகும் கடிதத்தைத் தோல் சுருளில் சுருக்கி எழுதி வைத்துக்கொண்டார்கள். ஜான் ராஜா காலத்தில், 1200ஐ ஒட்டிய சில வருடங்களில் இந்தப் பழக்கம் நிலைபெற்றது. இரண்டு பெரிய வகை உண்டு. ஒன்று, எல்லோரும் பார்க்கும்படி திறந்தே இருந்து பெரிய முத்திரை தொங்கும் கடிதம். அதுதான் பேட்டன்ட். ஒருவருக்கு ஆயுள் முழுக்க ஒன்றைக் கொடுத்தால் இப்படி வரும். 1374இல் மூன்றாம் எட்வர்ட், கவிஞர் சாசருக்குத் தினமும் ஒரு குடம் ஒயின் கொடுத்தது இந்த வகை. மற்றது மடித்து முத்திரையிட்டு ஓர் அதிகாரிக்கு மட்டும் போவது. அதன் நகல்தான் குளோஸ் ரோல், மூடிய மடல்களின் சுருள். உங்கள் ஓக் மரங்கள் அதில்தான் வளர்கின்றன.

கொடுத்தது கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று இந்தச் சுருள் சொல்லாது. சேராமல் போனால் மட்டும் சில சமயம் தெரியும். "முன்பு ஒருமுறை உனக்குக் கட்டளையிட்டபடி" என்று இரண்டாவது கடிதம் போகும். அதற்கும் அசையாவிட்டால் "பலமுறை கட்டளையிட்டபடி" என்று அடுத்தது. நினைவூட்டு ஒன்று, நினைவூட்டு இரண்டு! படிக்கும்போது நான் தனியாகச் சிரித்தேன். உத்தரவு ரத்தானால் பதிவின் குறுக்கே கோடு போட்டு ஓரத்தில் "வாகாத்", காலி, என்று எழுதி, ஏன் என்று ஒரு வரியும் வைப்பார்கள்.

ஆகவே "துறவிகளுக்கு ஆறு ஓக் மரங்களை ராஜாவின் கொடையாக வழங்கும்படி காட்டதிகாரிக்கு உத்தரவு" என்று போடுங்கள். நீளம்தான். ஆனால் சரி.

கரடி விஷயத்துக்கு, சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

தேம்ஸ்கரை எழுதியது:

அண்ணன் சாப்பிடப் போயிருக்கும்போது நான் புகுந்துகொள்கிறேன். நான் இருப்பது லண்டனில். கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒரு முறை ஒரு சுருளை வரவழைத்துப் பார்த்தேன். பேனா கூடாது, பென்சில் மட்டும். சுருள் திரும்பச் சுருட்டிக்கொள்ளாமல் இருக்க, உள்ளே ஈயம் வைத்துத் தைத்த கனமான கயிறு ஒன்று தருவார்கள். அதை மேலே போட்டுவிட்டுப் படிக்கவேண்டும்.

ஆட்டுத்தோல் துண்டுகள், ஒன்றின் அடியோடு அடுத்ததன் தலை சேர்த்துத் தைத்து, நீளமாகப் போகிறது. முடி இருந்த பக்கம் மஞ்சளாக, கொஞ்சம் வழவழப்பாக. உள் பக்கம் வெளுப்பு. ஓரத்தில் யாருக்காக என்று ஒரு சின்னத் தலைப்பு. பக்கத்தில் நாலைந்து வரி. நான் எதிர்பார்த்த அலங்கார எழுத்து எங்கேயும் இல்லை. அவசரத்தில் எழுதியவன் கை. பாதிச் சொல்லை எழுதி மேலே ஒரு கோடு இழுத்துவிடுகிறான். ஒரே உத்தரவு இன்னொருவருக்கும் போயிருந்தால் "இதேபோல இன்னாருக்கும்" என்று முடித்துக்கொள்கிறான்.

எனக்குப் பிடித்தது ஒவ்வொரு பதிவின் கடைசி: ராஜாவே சாட்சி, இன்ன ஊர், இன்ன தேதி. இதை வரிசையாகக் கோத்தால் அந்த மாதம் அவர் எங்கெங்கே போனார் என்று வரைபடமே போடலாம். வின்ட்சர், வெஸ்ட்மின்ஸ்டர், திரும்ப வின்ட்சர்.

வசனக்காரி அவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. யானை வந்த வருடத்தைச் சிலர் 1254 என்றும் சிலர் 1255 என்றும் எழுதுகிறார்கள். எதைப் போடப்போகிறீர்கள்?

வசனக்காரி எழுதியது:

ஐயா, அந்த "நினைவூட்டு இரண்டு" இப்போதே ஆவணப்படத்தில் வரவேண்டும் போல இருக்கிறது! தேம்ஸ்கரை அண்ணா, நான் 1254 என்று போட்டிருக்கிறேன். வயிற்றில் புளியைக் கரைக்கிறீர்களே.

பழைய கருவூலம் எழுதியது:

1255 என்று மாற்றுங்கள். அங்கே அப்போது வருடம் பிறப்பது மார்ச் 25. யானை பற்றிய உத்தரவுகள் பிப்ரவரியில் போனவை. பழைய கணக்கில் அது 1254இன் வால், நம் கணக்கில் 1255. எழுத்தர்களுக்கு இந்தக் குழப்பமே கிடையாது. அவர்கள் ராஜா பட்டம் ஏறிய நாளிலிருந்து எண்ணுவார்கள். ஹென்றி முடிசூடியது 1216 அக்டோபர் 28. யானை வந்தது அவருடைய 39ஆம் ஆட்சியாண்டு. சுருளுக்கும் ஆண்டுக்கு ஒன்றாகத்தான் கணக்கு.

சரி, கரடி. உங்கள் வசனம் பாதிதான் சரி.

ஷெரிஃப் என்பவர் ராஜாவின் பணத்தை வசூலிப்பவர். லண்டனுக்கு இரண்டு பேர், வருடாவருடம் மாறுவார்கள். ஊருக்காக இவ்வளவு தொகை என்று ஒரு நிலையான கட்டணத்தை எக்ஸ்செக்கரில் கட்டவேண்டும். எக்ஸ்செக்கர் என்றால் கணக்கு மன்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டம்போட்ட துணி விரித்த மேசையில் காய்களை நகர்த்திக் கணக்குப் பார்த்ததால் வந்த பெயர். ராஜாவுக்கு லண்டனில் ஒரு செலவு வந்தால், கருவூலத்திலிருந்து பணத்தை மூட்டை கட்டி அனுப்பமாட்டார். "நீ செலவழி, கணக்கில் கழித்துக்கொள்ளலாம்" என்று ஷெரிஃபுக்கு எழுதுவார். யானைக்குக் கொட்டகை கட்டச் சொன்ன உத்தரவில் இது அப்படியே இருக்கிறது. 40 அடி நீளம், 20 அடி அகலம். நேர்மையான ஆட்கள் பார்த்துச் சாட்சி சொன்ன செலவு எக்ஸ்செக்கரில் கழிக்கப்படும். அதாவது அது ராஜாவின் பணம்தான், கருவூலத்துக்கு வந்து சேர்வதற்கு முன்னாலேயே யானை தின்றுவிட்டது.

கரடியைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், கை சும்மா இருக்காது. நாளுக்கு 4 பென்ஸ், வருடத்துக்கு 1460 பென்ஸ். 240 பென்ஸ் ஒரு பவுண்டு, 12 பென்ஸ் ஒரு ஷில்லிங். ஆக 6 பவுண்டு, 1 ஷில்லிங், 8 பென்ஸ். ஒரு ராஜாவுக்குப் பெரிய தொகை இல்லை.

பாதி சரி என்றேனே, அது இதற்காக. கழித்துக்கொள்ளலாம் என்பது மைக்கேல்மஸ் வரும்போது, செப்டம்பர் முடிவில், கணக்குத் தீரும்போதுதான். அதுவரை ஷெரிஃப் கைக்காசு. சாட்சி சரியில்லை, உத்தரவுக் கடிதம் காணவில்லை என்றால் மேசையில் உட்கார்ந்திருப்பவர் ஒத்துக்கொள்வாரா? நான் அந்த மேசையில் உட்கார்ந்தவன், சொல்கிறேன்: மாட்டார். ஒத்தக் காசு கூட விடமாட்டார். ஆகவே ஷெரிஃப் முணுமுணுத்திருப்பார் என்பதை நம்பலாம். ஊரார் தலை என்பது வேண்டாம்.

கரடிக்கு அடுத்து வந்த உத்தரவை விட்டுவிடாதீர்கள். வாய்க்கு ஒரு மூடி, கரையில் இருக்கும்போது பிடித்து வைக்க இரும்புச் சங்கிலி, தேம்ஸில் மீன் பிடிக்கும்போது பிடித்துக்கொள்ள நீளமான, உறுதியான கயிறு. சங்கிலி தரைக்கு, கயிறு தண்ணீருக்கு. இதை எழுதியவன் கரடியைப் பக்கத்தில் பார்த்தவனாக இருக்கவேண்டும், அல்லது பார்த்தவனிடம் கேட்டவனாக.

இந்த ராஜாவுக்கு உத்தரவில் இப்படி நுணுக்கம் ரொம்பவும் பிடிக்கும். 1240இல் டவரின் பெரிய கோட்டைச் சுவருக்கு வெள்ளையடித்த கையோடு, ஈயத் தூம்புகளைக் கீழே தரை வரைக்கும் நீட்டு, மழைநீர் சொட்டிப் புது வெள்ளை கெட்டுவிடக்கூடாது என்று எழுதுகிறார். இன்னொரு தடவை, லண்டனில் தன் அறைக்குப் பக்கத்துக் கழிவறை நாறுகிறது, நூறு பவுண்டு ஆனாலும் பரவாயில்லை, வேறு நல்ல இடத்தில் கட்டு என்கிறார். நான் பார்த்த எந்த மேலதிகாரியும் மேல்வரம்பை இவ்வளவு மகிழ்ச்சியாக எழுதியதில்லை.

யானை உத்தரவிலும் ஒரு வரி உண்டு. கொட்டகை, தேவைப்படும்போது வேறு வேலைக்கும் உதவும்படி உறுதியாக இருக்கட்டும் என்று. யானை ரொம்ப நாள் இருக்காது என்று யாரோ ஓர் எழுத்தருக்குத் தோன்றியிருக்கிறது.

கோழிக்கறி எழுதியது:

கரடி, யானை எல்லாம் பார்த்தாயிற்று. ஜான் ராஜாவுக்கு ஒரு அம்மா 200 கோழி கொடுத்த கதையை யாரும் சொல்லக்காணோம். அதுவும் பரிசுதானே? ராஜா கொடுத்தது மட்டும்தான் கணக்கா?

பழைய கருவூலம் எழுதியது:

தம்பி, நீங்கள் பேருக்கு ஏற்ற கேள்விதான் கேட்கிறீர்கள். அது எதிர்த் திசைச் சுருள். ராஜாவிடம் ஏதோ ஒன்றைப் பெறுவதற்காக ஆட்கள் "தருகிறேன்" என்று ஒப்புக்கொண்டதை எழுதிவைத்தது. "கொடுக்கிறார்" என்று இருந்தாலும் அது பரிசில்லை, நிலுவைப் பதிவேடு. 1204 கிறிஸ்துமஸ் சமயம், ஹியூ தெ நெவில் என்ற தலைமைக் காட்டதிகாரியின் மனைவி, ஒரே ஓர் இரவு தன் கணவனுடன் இருக்க அனுமதி வேண்டி ராஜாவுக்கு 200 கோழி தருகிறார் என்று பதிவு. அதில் 100 கோழிக்கு ஜாமீன் யார் தெரியுமா? அந்தக் கணவரேதான். ராஜாவோடு ஓயாமல் ஊர்சுற்றும் கணவரைப் பற்றிய கேலியா, இல்லை ராஜாவுக்கு அந்த அம்மாவின் மேல் ஒரு கண்ணா என்று இன்றைக்கும் சண்டை. எனக்குக் கேலி என்றுதான் படுகிறது. ஜாமீன் வரைக்கும் போட்டு எழுதுவது அலுவலகக் குறும்பு.

ஜானின் மகன் ஹென்றியும் குறைந்தவர் இல்லை. 1243இல் பிரான்ஸின் தென்மேற்கில் உள்ள காஸ்கனியிலிருந்து கப்பலில் திரும்பும்போது, பொழுதுபோகாமல், பாய்ட்டு தேசத்து பீட்டர் என்ற தன் எழுத்தர் பெயரில் கோழி பாக்கி, ஒயின் பாக்கி என்று சுருளில் கடன் எழுத வைத்தார். பிறகு அந்தப் பதிவு கோடு போட்டு அடிக்கப்பட்டது. விளையாட்டுக்கு எழுதியது என்பதுதான் காரணம். தணிக்கையில் இந்த ஆட்சேபணைக்கு எந்தப் பத்தியில் பதில் எழுதுவது என்று நான் ரொம்ப நேரம் யோசித்தேன்.

தேம்ஸ்கரை எழுதியது:

அண்ணே, பீட்டர் பார்க்கும்போது முகம் எப்படிப் போயிருக்கும்!

வசனக்காரி எழுதியது:

இப்படி மாற்றிவிட்டேன், ஐயா, பாருங்கள்:

"வெள்ளைக் கரடிக்கும் காவலாளுக்கும் நாளொன்றுக்கு 4 பென்ஸ் கொடுக்கும்படி லண்டன் ஷெரிஃப்களுக்கு உத்தரவு."

"ராஜாவின் யானைக்கு 40 அடி நீளத்தில் வீடு கட்டும்படி உத்தரவு. செலவு எக்ஸ்செக்கரில் கழிக்கப்படும்."

"ஊரார் தலை" போய்விட்டது. படத்தின் கடைசிக் காட்சியில் இன்னொரு வரி வருகிறது. யானை 1257இல் இறந்து டவர் முற்றத்திலேயே புதைத்தார்கள். மறு வருடம், எலும்புகளை வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தின் பண்டகக் காப்பாளரிடம் கொடுக்கச் சொல்லி ஒரு கடிதம். "எலும்புகள் மடாலயத்துக்குப் பரிசளிக்கப்பட்டன" என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.

பழைய கருவூலம் எழுதியது:

நல்லது. "ஒப்படைக்கும்படி" என்று போடுங்கள், அம்மா. எதற்காக என்று கடிதத்தில் இல்லை. டவர் அதிகாரிக்கும் அது தேவைப்படவில்லை. எலும்பு குறைந்தால் காட்டக் கையில் காகிதம் இருந்தது.